வயதோடு மாறும் ராக் குரல்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

இருபது வருஷம் ராக் பாடிய ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தால் முதலில் சொல்வது பெரும்பாலும் இரண்டே வார்த்தை: “குரல் போச்சு.” நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன். இருபத்தைந்து வருஷமாக ஒரே குழுவில் பாடுகிறேன். கடைசிப் பத்து வருஷமாக மற்றப் பாடகர்களின் குரலையும் கேட்டுச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எங்கே போச்சு, எப்போது போச்சு, எந்த மாதிரி போச்சு என்று பிரித்துக் கேட்டால்தான் காரணம் பிடிபடும். சிலது மருந்தில் தீரும். சிலது பழக்கத்தை மாற்றினால் தீரும். சிலது தீராது, அதற்குப் பாட்டைத்தான் மாற்ற வேண்டும். எது எந்த வகை என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் இன்னும் கொஞ்சம் முக்கிப் பாடுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய தப்பு.

அறிகுறிக்குப் போகும் முன்

ஒரு நோட்டில் மூன்று பதிலை எழுதுங்கள். திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? கோளாறு குரல் முழுக்க இருக்கிறதா, மேலே மட்டுமா, நடுவில் ஓர் இடத்திலா? காலையில் மோசமா, பாடி முடித்த ராத்திரியில் மோசமா? ஒரே நாளில் வந்தது பெரும்பாலும் காயம். வருஷக்கணக்கில் ஊர்ந்து வந்தது பெரும்பாலும் வயதும் பழக்கமும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவதை வீட்டில் உட்கார்ந்து யூகிக்கக் கூடாது, அதற்குக் கண்ணால் பார்க்கிற மருத்துவர் வேண்டும்.

இந்த உறுப்பு எவ்வளவு சின்னது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குள் அதிர்ந்து குரலை உண்டாக்குகிற இரண்டு மடிப்புகள்தான் குரல்நாண்கள். ஆணின் குரல்நாண் சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர், பெண்ணுடையது 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். 440 ஹெர்ட்ஸ் ‘ஏ’ ஸ்வரத்தைப் பிடித்தால் அந்த இரண்டு மடிப்பும் வினாடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நிமிஷம் பிடித்தால் 26,400 மோதல். அதை நாற்பது வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். குரல் மாறியது எனக்கு ஆச்சரியமாகத் தெரிவதில்லை, இவ்வளவு தாங்கியதுதான் ஆச்சரியம்.

“உச்ச ஸ்வரம் எட்டமாட்டேன் என்கிறது”

பத்தில் ஆறேழு பேர் இதைச் சொல்லித்தான் வருகிறார்கள். முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மனப்பாடமான ஒரு சின்ன வரியை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்து, முடிந்தவரை மெல்லப் பாடுங்கள். ஒவ்வொரு முறையும் அரைக்கட்டை, அதாவது சுருதியில் ஒரே ஒரு சின்னப் படி, ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஸ்வரம் வராமல் வெறும் காற்று மட்டும் வருகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தை வழக்கமான மேடைச் சத்தத்தில் பாடுங்கள்.

சத்தமாகப் பாடினால் வருகிறது, மெல்லப் பாடினால் வரவில்லை என்றால் குரல்நாணின் ஓரத்தில் வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். வீங்கிய ஓரத்தை மெல்லிய காற்றால் அதிரவைக்க முடியாது, அழுத்தம் கொடுத்தால் அதிரும். அதனால்தான் மேடையில் “இன்றைக்கு நன்றாகத்தானே வந்தது” என்று நாம் ஏமாந்துபோகிறோம். இதற்கு ஓய்வு வேண்டும். இரண்டு மூன்று நாள் பாட்டு வேண்டாம், பேச்சையும் குறையுங்கள். கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது. பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள். பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். நின்றுபோகிற இடம் மேலே நகர்ந்திருந்தால் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெல்லப் பாடினாலும் சத்தமாகப் பாடினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது, கரகரப்பு இல்லை, வலி இல்லை, வருஷங்களாக மெல்ல இறங்கி வந்திருக்கிறது என்றால் உங்கள் எல்லையே நகர்ந்திருக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்புகள் வயதாக ஆக எலும்பாக இறுகுகின்றன. குரல்நாணை இழுத்து நீட்டி ஸ்வரத்தை ஏற்றுகிற தசைக்கு முன்பிருந்த வீச்சு கிடைப்பதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல்நாண் சற்றுத் தடித்து, குரல் மொத்தமாகவே கொஞ்சம் கீழே இறங்குவது உண்டு. இதைப் பயிற்சியால் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது.

எனக்கு இது 41 வயதில் நடந்தது. எங்கள் பாட்டு ஒன்றின் பல்லவியில் அந்த 440 ‘ஏ’ நாலு முறை வரும். முதல் முறை வரும், இரண்டாவது வரும், மூன்றாவதில் கழுத்து நரம்பு புடைக்கும், நாலாவதில் ஸ்வரம் ஒரு நூல் கீழே இறங்கி நிற்கும். ரிஹர்சலில் கிட்டார் வாசிக்கிற தம்பி, ஆம்ப்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) திருகுவதுபோல என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: “அண்ணே, அரைக்கட்டை இறக்கிடலாமா?” வேண்டாம் என்றேன். எட்டு மாதம் வேண்டாம் என்றேன். அந்த எட்டு மாதத்தில் நாலாவது ‘ஏ’க்காக நான் கொடுத்த அழுத்தம், மற்ற பதினான்கு பாட்டையும் கெடுத்தது. கடைசியில் இறக்கிய அன்று ராத்திரி ரசிகர் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. ‘என்ன, இன்றைக்குக் குரல் தெளிவாக இருக்கிறதே’ என்றுதான் கேட்டார்கள்.

அதனால் முதல் தீர்வு: சுருதியை இறக்குங்கள். அரைக்கட்டை இறக்கினால் 440 என்பது 415 ஆகிறது. ஒரு கட்டை இறக்கினால் 392. எண்ணில் சின்ன வித்தியாசம், தொண்டையில் அது மலை. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலின் மறுபடி சேர்ந்து வாசித்தபோது அதன் பாடகர் ராபர்ட் பிளான்டுக்கு வயது 59. அன்று பல பாட்டுகளைப் பழைய பதிவைவிடச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். அந்தக் குழுவே செய்தது என்றால் நமக்கு என்ன வெட்கம்?

எவ்வளவு இறக்குவது என்பதை ஒரே ஒரு முறை எட்டிப் பிடித்த ஸ்வரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். களைத்துப்போன மாலையில், பத்து முறை தொடர்ந்து பாடினாலும் தளராத ஸ்வரம் எது என்று பாருங்கள். பாட்டின் உச்சம் அங்கே வந்து உட்கார வேண்டும். கீழ்ப்பக்கத்தையும் சரிபாருங்கள்: இரண்டு கட்டை இறக்கினால் சரணம் தரையில் புதைந்து, வார்த்தை கேட்காமல் போகும். அந்த நிலைமையில் சுருதியை ஒரு கட்டையோடு நிறுத்திவிட்டு மெட்டை மாற்றுங்கள். கிட்டாரில் எல்லாத் தந்தியையும் அரைக்கட்டை தளர்த்துவதானால் ஒரு படி தடிமனான தந்தி போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தந்தி தொளதொளத்துச் சுருதி நிற்காது. கச்சேரிக்கு நடுவே சுருதி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், அதற்கென்று இன்னொரு கிட்டார் இருப்பது நல்லது.

மெட்டை மாற்றுவது இரண்டாவது வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். உச்ச ஸ்வரத்துக்குத் தாவுகிற இடத்தில் அதே சுரக்கூட்டில் (கிட்டார் அப்போது வாசிக்கிற கார்டில்) உள்ள இன்னொரு ஸ்வரத்தைப் பிடித்து, தாளத்தை மட்டும் பழையபடி வையுங்கள். ரஷ் குழுவின் கெடி லீ 1970களில் பாடிய கூர்மையான உச்சக்குரலையும் 1980களின் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் கீழே இறங்கி வந்ததும், அவருக்கு நடுப்பகுதியில் எவ்வளவு பேச இருந்தது என்பது காதில் விழும். சில பாட்டுகளை விட்டுவிடுவதும் தீர்வுதான். டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், 1970இல் பதிவான தன் நீண்ட கூக்குரல் பாட்டைப் பிற்காலத்தில் மேடையில் பாடுவதையே நிறுத்திக்கொண்டார்.

பிளான்டிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. 1969இல் குரலைக் கிட்டாரோடு போட்டிபோடும் இன்னொரு வாத்தியமாக வைத்திருந்தவர், 2007இல் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து வெளியிட்ட ‘ரெய்சிங் சாண்ட்’ இசைத்தட்டில் ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தட்டு 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அதைக் கவனித்துக் கேட்டால், வரியின் கடைசி எழுத்தை அவர் காற்றோடு கரைத்து விடுவதும், கிராஸின் குரலுக்குக் கீழே தன் குரலை நழுவவிடுவதும் தெரியும். இருபது வயதில் அவருக்கு அந்தப் பொறுமை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

“நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைகிறது”

நெஞ்சில் அதிர்வு தெரிகிற கனமான நெஞ்சுக் குரலிலிருந்து, மேல் ஸ்வரங்களுக்கான மெல்லிய தலைக் குரலுக்கு மாறுகிற இடம் இது. இளவயதில் அந்த இடத்தைச் சதை பலத்தால் தாண்டியிருப்போம், அதனால் அங்கே ஒரு பள்ளம் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. இப்போது பலம் குறைந்ததும் பள்ளம் தெரிகிறது.

இங்கே உயிரெழுத்துதான் மருந்து. மேலே போகப் போக ‘ஆ’வை அகலமாகத் திறந்து கத்தாமல், அதில் ஒரு துளி ‘ஓ’ கலக்குங்கள். ‘ஈ’ என்று உதட்டை இழுத்துப் பாடுகிற இடத்தில் வாய்க்குள் ‘எ’யை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் காதுக்கு அது ‘ஈ’யாகவே போய்ச் சேரும். உடைகிற ஸ்வரத்துக்கு இரண்டு ஸ்வரம் முன்பே இதை ஆரம்பிக்க வேண்டும், உடைந்த பிறகு மாற்றினால் பயன் இல்லை. கூடவே சத்தத்தைப் பத்துப் பங்கில் இரண்டு பங்கு குறையுங்கள். மைக் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யட்டும்.

“முதல் கச்சேரி நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் குரல் இல்லை”

குரல் பயிற்சி சரியில்லை என்று இவர்கள் வருவார்கள். நான் பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் கச்சேரி முடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன். பதில் எப்போதும் ஒன்றுதான். இரைச்சலான அறையில் இரண்டு மணி நேரம் எல்லோரோடும் கத்திப் பேச்சு, அப்புறம் நடுராத்திரிச் சாப்பாடு, உடனே படுக்கை. மேடையில் பாடியது ஒன்றரை மணி நேரம், மேடைக்குக் கீழே கத்தியது இரண்டு மணி நேரம். சோர்வு எங்கிருந்து வந்தது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இருபத்தைந்து வயதில் ஒரு ராத்திரித் தூக்கத்தில் ஆறியது, ஐம்பதில் ஆற இரண்டு நாள் எடுக்கிறது. ஆகவே அடுத்தடுத்து இரண்டு ராத்திரி பாடினால் மூன்றாம் நாள் விடுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். செட்லிஸ்ட்டையும், அதாவது கச்சேரியின் பாட்டு வரிசையையும், திருத்துங்கள். கடினமான மூன்று பாட்டை வரிசையாக வைக்காதீர்கள். நடுவே ஒரு தாழ்ந்த பாட்டு, இல்லையென்றால் ஒரு நீண்ட கிட்டார் பகுதி வரட்டும். மிகக் கடினமானதைக் கடைசியிலும் வைக்காதீர்கள், முதலிலும் வைக்காதீர்கள். நாலாவது அல்லது ஐந்தாவது இடம் நல்லது: குரல் சூடேறியிருக்கும், களைத்திருக்காது.

பாடி முடித்ததும் குரலைத் தளர்த்தி ஆறவைக்கிற பயிற்சி ஒன்று உண்டு, ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. பாதி தம்ளர் தண்ணீரில் சாதாரண உறிஞ்சுகுழலை இரண்டு செண்டிமீட்டர் ஆழத்துக்கு விடுங்கள். அதன் வழியே ‘ஊ’ என்று பாடிக்கொண்டே காற்றை விடுங்கள். தண்ணீர் சீராகக் குமிழியிட வேண்டும், தெறிக்கக் கூடாது. குமிழ் விட்டு விட்டு வந்தால் உங்கள் மூச்சு சீராக இல்லை. நடு ஸ்வரத்தில் ஆரம்பித்து மேலே ஒரு வழுக்கல், கீழே ஒரு வழுக்கல், ஐந்து நிமிஷம் போதும். குழலில் தடைபடுகிற காற்று உள்ளே திருப்பி ஓர் அழுத்தம் கொடுக்கிறது; அதனால் குரல்நாண்கள் பலமாக மோதாமலே அதிர்கின்றன. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதைப் பற்றி நிறைய ஆராய்ந்து பரப்பியிருக்கிறார். முதல் நாள் செய்யும்போது கன்னம் அதிர்ந்து மூக்கின் இருபக்கமும் கூச்சமாக இருக்கும். அந்த இடத்தில் அதிர்வு தெரிந்தால் தொண்டை இறுக்கம் விட்டிருக்கிறது என்று அர்த்தம். மேடை ஏறும் முன்பும் இதையே செய்யலாம்.

“வீட்டில் பாடினால் சரியாக இருக்கிறது, மேடையில் மட்டும் தொண்டை கிழிகிறது”

இதில் குரலைச் சோதிக்காதீர்கள், காதைச் சோதியுங்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லோம்பார் 1911இல் எழுதி வைத்த விஷயம் இது, இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். டிரம்ஸுக்கு இரண்டடி முன்னால் நிற்கிறவருக்கு இதிலிருந்து தப்ப வழியே இல்லை. வருஷங்கள் போகப் போகக் காதும் மழுங்குகிறது. தன் குரல் தனக்கே கேட்காததால் இன்னும் கத்துகிறார், கத்துவதால் குரல் கெடுகிறது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்கிற வரம்புப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். ராக் மேடைக்கு 100 டெசிபல் சாதாரணம்.

ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலக வேண்டி வந்தது. தொண்டை கெட்டு அவர் விலகவில்லை. தொடர்ந்தால் கேட்கும் திறனை முழுசாக இழப்பார் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பிறகு காதுக்கென்று தனியாக உருவாக்கிய கருவியின் உதவியோடு திரும்பி வந்து, 2020இல் ஆல்பம் வெளியிட்டு, 2023இல் மேடையும் ஏறினார்.

செய்ய வேண்டியது: மேடையில் உங்கள் பாட்டை உங்களுக்கே கேட்கவைக்கிற, காதுக்குள் பொருத்துகிற இன்-இயர் மானிட்டர் வாங்குங்கள். காது அச்சு எடுத்துச் செய்தது நல்லது. அதில் உங்கள் குரலை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொல்லுங்கள், ஆனால் மொத்தச் சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள். ஒரு காதில் மட்டும் போட்டு இன்னொன்றைத் திறந்துவிடுகிற பழக்கம் வேண்டாம். திறந்த காதுக்குப் போட்டியாகப் போட்ட காதின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். இதற்குக் காசு இல்லையென்றால், டிரம்ஸுக்கு முன் ஒரு தடுப்பு, கிட்டார் ஆம்ப்பை உங்கள் முழங்கால் பக்கம் நோக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைப்பது, இந்த இரண்டே நிறைய மாற்றும்.

“கரகரத்துப் பாடினால் முன்பு வலிக்காது, இப்போது வலிக்கிறது”

ராக் குரலின் கரகரப்பு சரியாகச் செய்யப்பட்டால் குரல்நாணுக்கு மேலே இருக்கிற பொய் மடிப்புகளிலும் அதைச் சுற்றிய சதையிலும் உண்டாகிறது. கீழே குரல்நாண் தன் ஸ்வரத்தைச் சுத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். இளவயதில் யாரும் இதைப் பிரித்துக் கற்பதில்லை, குரல்நாணையே உரசி உரசி வாங்கிவிடுகிறோம். அப்போதும் காயம் ஆனது, உடனே ஆறியது.

பரிசோதனை எளிது. கரகரத்துப் பாடிய வரியை அப்படியே கரகரப்பில்லாமல், அதே சுருதியில் பாடுங்கள். வரவில்லையென்றால் கரகரப்பு உங்களுக்கு அலங்காரமாக இல்லை, ஊன்றுகோலாக இருக்கிறது. முதலில் சுத்தக் குரலை மீட்டெடுங்கள், பிறகு மேலே தூவுங்கள். பாட்டு முழுக்கத் தூவ வேண்டாம். ஒரு பல்லவியில் இரண்டு வார்த்தையில் இருந்தால் போதும். எந்தக் கரகரப்பும் முடிந்த அடுத்த நொடியில் மெல்ல ‘ம்’ என்று முனகினால் தெளிவாக வர வேண்டும். பிசிறினால் தவறான இடத்தில் உரசியிருக்கிறீர்கள்.

மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு 1990களின் தொடக்கத்தில் பதிவுக்கூடத்தில் கத்திக் குரலைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் குரல் ஆசிரியரிடம் போனார். அதன் பிறகு மேடைக்கு முன் குரல் சூடேற்றும் பயிற்சியை வழக்கமாக்கிக்கொண்டார். கத்துவதற்கும் கற்க வேண்டும் என்று அவ்வளவு பெரிய பாடகர் ஒப்புக்கொண்டது எனக்கு மிகவும் உதவியது.

வலியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு மேடை ஏறாதீர்கள். ஆஸ்பிரின் போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதிக்கும். வீங்கிய குரல்நாணோடு அதைப் போட்டுக்கொண்டு கத்தினால் உள்ளே இரத்தக் குழாய் வெடித்துக் கசிய வாய்ப்பு கூடுகிறது.

“காலையில் குரல் தடித்திருக்கிறது, தொண்டையில் எப்போதும் ஏதோ ஒட்டியிருக்கிறது”

ராத்திரி படுத்த பிறகு வயிற்று அமிலம் மேலே வருவது முதல் சந்தேகம். நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது நடக்கும். கச்சேரி முடிந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிற எங்கள் தொழிலுக்கு இது கூடவே பிறந்த நோய். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பாட்டை முடியுங்கள். கச்சேரி நாளில் பெரிய சாப்பாட்டை மேடைக்கு முன்னால், நாலு மணி வாக்கில் வைத்துக்கொண்டு, பிறகு லேசாக ஏதாவது போதும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

செருமுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு செருமலும் குரல்நாணை ஓங்கி அறைவது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள், அல்லது சத்தமில்லாமல் ஊதுங்கள். குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, உடம்பு வழியாகத்தான் அங்கே போய்ச் சேருகிறது. ஆகவே மேடையில் குடிப்பதைவிடக் காலையிலிருந்து குடித்தது முக்கியம். சளி மாத்திரைகளில் பல தொண்டையை உலர்த்தும், ஆஸ்துமாவுக்கு இழுக்கிற ஸ்டீராய்டு மருந்தும் குரலைக் கம்மவைக்கலாம். உங்கள் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். புகைப்பவராக இருந்தால் குரல்நாண் முழுக்க நீர் கோத்து வீங்கி, குரல் அடியாழத்துக்கு இறங்கலாம். சிலர் அதை ‘வயதின் கம்பீரம்’ என்று நினைத்து மகிழ்கிறார்கள். அது நோய்.

“குரல் ஆடுகிறது” மற்றும் “மூச்சு பத்தவில்லை”

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. நல்ல வைப்ராட்டோ, அதாவது நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தில் வருகிற சின்ன அசைவு, வினாடிக்கு 5 முதல் 7 முறை அசையும். அது நாலரைக்குக் கீழே இறங்கி, அசைவு அகலமானால் காதுக்கு ‘ஆடுவது’ போலக் கேட்கும். சத்தத்தைக் குறைத்து, ஒரே ஸ்வரத்தை எட்டு வினாடி அசைவே இல்லாமல் நேராகப் பிடித்து, கடைசி இரண்டு வினாடியில் மட்டும் அசையவிடுங்கள். தினம் பத்து நிமிஷம். ஓரிரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூச்சுக்கு: வயதோடு நெஞ்சுக்கூடு இறுகுகிறது, நுரையீரல் பிடிக்கிற காற்றும் குறைகிறது. வரியை வெட்டி மூச்சு எடுக்கிற இடத்தைக் கூட்டுங்கள், அதை வெட்கமில்லாமல் செய்யுங்கள். ரோனி ஜேம்ஸ் டியோ சிறுவயதில் டிரம்பெட் வாசித்ததுதான் தன் மூச்சுக்கு அடிப்படை என்று சொல்லிவந்தார். 2010இல் 67 வயதில் இறக்கும்வரை அவர் குரல் தளரவில்லை என்பதைக் கேட்டால் அது வீண் பெருமை இல்லை என்று தெரியும்.

ஆனால் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். ஆழ மூச்சிழுத்து ‘ஆ’ என்று சாதாரணச் சத்தத்தில் பிடியுங்கள். பாடகர் ஒருவருக்கு 10 வினாடிக்குக் கீழே வந்தால், அதுவும் குரலில் காற்று கசிவது கேட்டால், குரல்நாண்கள் ஒன்றையொன்று முழுசாகத் தொடாமல் இருக்கலாம். வயதால் மெலிந்து நடுவில் வில் போல வளைவதும் உண்டு, ஒரு பக்கம் செயலிழப்பதும் உண்டு. ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கக் குரல்நாண் மெலிந்துபோய் 2022இல் அறுவைசிகிச்சை செய்து, அதை நடுவுக்குத் தள்ளிவைத்தார்கள். மீண்டுவர மாதங்கள் அல்ல, வருஷங்கள் ஆயின. இந்த வகைக்கு முக்கிப் பாடுவது தீங்கு மட்டுமே செய்யும்.

“பாட்டுக்கு நடுவே குரல் அறுந்தது”

நிறுத்துங்கள். அந்தப் பாட்டைக்கூட முடிக்காதீர்கள். ஒரு கத்தலில், இருமலில் திடீரென்று குரல் போனால் குரல்நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். வலி இருக்காது, அதனாலேயே பலர் தொடர்ந்து பாடுகிறார்கள். பேச்சையும் முழுசாக நிறுத்தி, அடுத்த நாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலருக்கு 2006இல் தொண்டையில் அறுவைசிகிச்சை நடந்தது. 2023 செப்டம்பரில் விடைபெறும் சுற்றுப்பயணத்தின் ஆரம்பத்திலேயே குரல்நாண் காயப்பட்டு இரத்தம் கசிந்தது, குரல்வளையும் முறிந்திருந்தது தெரியவந்தது. 2024 ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணத்தையே கைவிட்டது.

“தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், குரல் சொன்னபடி கேட்கவில்லை”

இது குறைவாகத்தான் வரும், வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டுக்கு வருஷக்கணக்கில் குரல் தன் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை. 2009இல் கடைசிக் கச்சேரி செய்தார். 2013இல் பார்க்கின்சன் நோய் என்று அறிவித்தார், பிறகு அது அதைப் போன்ற இன்னொரு நரம்பு நோய் என்று தெரிந்தது. பயிற்சியின் குறை என்று தன்னைத் தானே நொந்துகொள்கிற பாடகர்களுக்கு இதைச் சொல்வேன்.

சாதாரண ஆளுக்குக் கரகரப்பு நாலு வாரம் தாண்டினால் குரல்வளையைக் கருவி விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல். பாடிப் பிழைக்கிறவர் அதுவரை காத்திருக்கக் கூடாது, இரண்டு வாரம் போதும். கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதில் வலி, எச்சிலில் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தால் வாரக்கணக்கே வேண்டாம். அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சனுக்கு நாக்கிலும் கழுத்தின் நிணநீர்க் கணுவிலும் இருந்த புற்றுநோய் சிகிச்சையில் குணமாகி, 2016இல் மறுபடி உலகம் சுற்றிப் பாடினார். ராட் ஸ்டுவர்ட் 2000இல் தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து பாடக் கற்றார். மருத்துவரிடம் போகும்போது “ஸ்ட்ரோபோஸ்கோப்பி” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விட்டு விட்டு ஒளிரும் வெளிச்சத்தில் குரல்நாண் அலையாக அசைவதைக் காட்டுகிற பரிசோதனை அது. சாதாரண விளக்கில் தப்பிவிடுகிற சின்ன வீக்கமும் அதில் தெரியும்.

“குரலில் கோளாறு இல்லை, ஆனால் பழைய மாதிரி இல்லை என்கிறார்கள்”

சொல்பவர்கள் பதிவில் கேட்ட குரலைத் தேடுகிறார்கள். அந்தப் பதிவு இருபத்து நாலு வயசுப் பையன் ஒருவன், பலமுறை பாடி, அதில் நல்லதை எடுத்து ஒட்டியது. பாப் டிலன் 1969இல் வழுவழுப்பாகப் பாடினார், 1997இல் சரளைக்கல் போலப் பாடினார், இரண்டிலும் வரி மனசில் போய் உட்காருகிறது. பாடகி ஜோனி மிட்செல் 1969இல் பறவைக் குரலில் பதிவுசெய்த ‘போத் சைட்ஸ் நவ்’ என்ற பாட்டை 2000இல், 56 வயதில், இசைக்குழுவோடு மிகத் தாழ்ந்த சுருதியில் மறுபடி பாடினார். வாழ்க்கையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன் என்கிற வரியை முதல் பதிவில் ஒரு பெண் கற்பனை செய்கிறாள். இரண்டாவதில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பிறகு உங்கள் பழைய பாட்டு ஒன்றை எடுத்து, பதிவைக் கேட்காமல், வரிகளை மட்டும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கிட்டாரோடு இன்றைக்கு வசதியான சுருதியில் பாடி ஃபோனில் பதிவுசெய்யுங்கள். மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். எந்த வரியில் உங்களுக்கே ரோமம் சிலிர்க்கிறதோ, அந்தச் சுருதியை டிரம்மரிடமும் கிட்டாரிஸ்டிடமும் சொல்லிவிட்டு, அடுத்த ரிஹர்சலை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.